நான்காவது கட்டம்

யாவோர்னிக்கில், மூடிக்கிடக்கும் துணியாலையின் நிலவறையில்
காது கேளாதோர் மன்றம்.
பதினொரு பேர், இரண்டு சதுரங்கப் பலகை,
அடி கறுத்த ஒரு காப்பிக் கெண்டி.

கேட்டது ஒரு விறகடுப்பு. எண்ணூறு மார்க்.
மின்சாரம் போனால் அடுப்பின் கதவைத் திறந்து வைப்போம்,
தீயின் வெளிச்சத்தில் கைகள் தெரியும்,
பேச்சு நடுவில் அறாது
என்று மனுவில் எழுதச் சொன்னாள் தலைவி.
அவள் பெயர் கன்னத்துக் குழி.

எல்லோருக்கும் அங்கே அப்படித்தான் பெயர்.
காதுமடல். உடைந்த பல்.
கட்டைவிரலைச் சொடுக்கினால் ஷிமுன்,
எப்போதும் லைட்டரும் கையுமாய் இருப்பவன்.
என் அப்பா சாகும்வரை கோட்டுப் பித்தான்.
கைப்பேச்சு எனக்கு அவரிடமிருந்து வந்தது,
சம்பளம் நிறுவனத்திடமிருந்து.

இங்கெயெர்ட் நல்லவள். இதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.
பாத அளவு கேட்டு வாங்கிப் போய்
பதினொரு ஜோடி கம்பளிக் காலுறை கொண்டுவந்தவள்.
அவள் நாட்டில் அடுப்புக்கென்று நிதி இல்லை.
நல்லிணக்கத்துக்கு இருந்தது.

நீங்கள் எதனால் பிரிந்திருக்கிறீர்கள்,
அவள் கேட்டதை நான் கைகளால் கேட்டேன்.
வெகுநேரம் யோசித்தார்கள்.
காதுமடலுக்கும் உடைந்த பல்லுக்கும்
ஒரு குதிரையை நகர்த்தியதில்
ஒன்பது வருஷத் தகராறு உண்டு.
அது செல்லாது என்றேன்.

படிவத்தில் நான்கு கட்டங்கள்:
போஸ்னியாக், செர்பியர், குரோவாத், ஏனையோர்.
கன்னத்துக் குழி பேனாவை என் பக்கம் தள்ளினாள்.
அடையாள அட்டைகளைப் பார்த்து
நான்தான் நிரப்பினேன்.
சேனியா ஹஜியாவ்டிச். ஸ்லாவிஷா மிட்ரோவிச். திஹோமிர் ப்ர்கிச்.
மை காய்வதற்குள்
ஒவ்வொருவர் தலைக்குப் பின்னாலும்
ஒரு கோபுரமோ ஒரு மினாரோ எழும்பி நின்றது.

ஷிமுனுக்கு அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம்.
ஏனையோர் என்பதை எப்படிச் சொல்வது என்று கேட்டான்.
எனக்குத் தெரிந்த சைகை ஒன்றுதான்:
மிச்சம். தட்டில் கிடப்பதற்குக் காட்டுவது.
அதைக் காட்டினேன்.

பணம் வந்தது, பயிலரங்குகளாக.
மலை விடுதி. காளான் சூப்.
ஆட்சிமொழி மூன்று என்பதால் மூன்று மொழிபெயர்ப்பாளர்கள்.
ஒரே சைகையை மூவர் வரிசையில் நின்று செய்தோம்,
பள்ளி மைதானத்து உடற்பயிற்சி மாதிரி.
காதுமடல் மட்டும் சிரித்தார்.

பட்டியல் எப்படியோ நகராட்சிக்குப் போயிற்று.
தேர்தல் வருஷம். கட்சிக்காரன் ஒருவன் படியிறங்கி வந்து
நம்மவர் ஐந்து பேர், தலைமை ஏன் அவர்களிடம் என்று
தொண்டை புடைக்கக் கத்தினான்.
யாருக்கும் கேட்கவில்லை.
மறுமுறை எழுதி எடுத்துக்கொண்டு வந்தான்.

இப்போது காதுமடலைக் காதைத் தொட்டு அழைப்பதில்லை.
மூன்று விரலை உயர்த்துகிறார்கள்.
இந்த ஊரில் அதற்கு அர்த்தம் உண்டு.

ஆண்டறிக்கையில் இங்கெயெர்ட் எழுதியிருந்தாள்:
ஒரு மன்றம் மூன்றாகப் பிரிந்தது.
வளர்ந்தது என்று திருத்தியவள் நான்.
அடுத்த தவணை வரவேண்டியிருந்தது,
என் வீட்டு வாடகையும் அதற்குள் இருந்தது.

மூன்று மன்றத்துக்கும் மூன்று மின்கணப்பு.
முதுகில் கொடி ஒட்டியவை.

ஜனவரியில் ஒரு சாயங்காலம் மின்சாரம் போயிற்று.
நிலவறையில் நான்கு பேர், ஒருவர் கையும் ஒருவருக்குத் தெரியவில்லை.
கன்னத்துக் குழி என் விரலைத் தேடிப் பிடித்துத்
தன் கன்னத்தில் வைத்தாள்: நான்தான்.

அப்போது படிக்கட்டில் சின்னதாய் ஒரு சுடர்.
எந்த மன்றத்திலும் இடமில்லாத ஷிமுன்.
ஒரு கையில் லைட்டர்.
மிச்சக் கையால் கேட்டான்,
அந்தக் குதிரை விஷயம் என்ன ஆயிற்று?
விரல் சுடும்வரை
அதைப் பற்றித்தான் பேசினோம்.